ஸ்பெயின் மக்களின் அன்றாட வழக்கங்களும் விழாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காளைச் சண்டை, கிதார், மதியத் தூக்கம் ஆகிய மூன்றையும் கொண்டே ஸ்பெயினை அறிந்து வைத்திருப்பவர்கள் நம்மில் மிகுதி. படிப்புக்கோ வேலைக்கோ சுற்றுலாவுக்கோ அங்கே செல்ல இருப்பவர்களும், அந்நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. உலகப் புகழ் பெற்ற அவர்களுடைய விழாக்களில் பெரும்பாலானவற்றை அக்கம்பக்கத்தார் சங்கம் வைத்து, சந்தா போட்டு, ஆண்டு முழுவதும் உழைத்து நடத்துகிறார்கள் என்பதே அவற்றின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாமல் போவதும் அதுவே.

ஸ்பெயினில் ஏன் இவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடுகிறார்கள்?

மதிய உணவு 2 மணிக்கு மேல்தான் தொடங்கும். இரவு உணவு 9 மணிக்கு முன் எந்த வீட்டிலும் அரிது. இதற்குச் சோம்பல் காரணமன்று, கடிகாரமே முதற்காரணம். கிரீன்விச் தீர்க்கரேகை ஸ்பெயினின் கிழக்குப் பகுதியின் ஊடாகவே செல்கிறது. ஆகவே நிலப்படத்தின்படி பார்த்தால் அந்நாடு இங்கிலாந்தின் நேரத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும். ஆனால் 1940 மார்ச்சில் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நடு ஐரோப்பிய நேரத்தோடு சேர்த்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் பழைய நேரம் திரும்பவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுவதால், மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ 2:15 காட்டும். மேற்குக் கோடியிலுள்ள கலீசியாவில் ஜூன் மாதம் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சூரியனைக் கொண்டு கணக்கிட்டால், அவர்கள் உச்சிவேளையில்தான் உண்கிறார்கள்.

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வறுமைக் காலத்தில் பலர் காலையில் ஒரு வேலையும் மாலையில் மற்றொரு வேலையும் பார்த்ததும் இந்த நேரங்களை நிலைப்படுத்தியது. இடையில் பசி தாங்குவதற்கு முற்பகல் 11 மணி வாக்கில் ஒரு சிறு சிற்றுண்டியும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலை 5 மணி வாக்கில் இன்னொன்றும் உண்டு. கேனரித் தீவுகளில் மட்டும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். வானொலியில் ஒவ்வொரு முறை நேரம் சொல்லும்போதும் ‘கேனரியில் ஒரு மணி நேரம் குறைவு’ என்று சேர்த்தே சொல்வார்கள்.

எல்லாரும் மதியம் தூங்குகிறார்களா?

இல்லை. நகரங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வார நாட்களில் அதற்கு வாய்ப்பே கிடையாது. முதியவர்களும், கோடை வெயில் கொளுத்தும் தென்பகுதி ஊர்களில் உள்ளவர்களும், விடுமுறையில் இருப்பவர்களும் சிறிது நேரம் கண்ணயர்வதுண்டு. ஆயினும் சிறு ஊர்களில் 2 மணி முதல் 5 மணி வரை கடைகள் அடைத்திருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பதை இன்றும் மரியாதைக் குறைவாகவே எண்ணுகிறார்கள்.

மதிய உணவு எப்படி அமையும்?

வார நாளில் வெளியே உண்பவர்கள் பெரும்பாலும் ‘மெனு தெல் தியா’ எனப்படும் அன்றைய சாப்பாட்டைக் கேட்பார்கள். முதலில் சூப், பருப்பு, காய்கறி, அரிசி போன்றவற்றில் ஒன்று. அடுத்து மீனோ இறைச்சியோ. அவற்றோடு ரொட்டியும் ஒரு பானமும். இறுதியில் பழம், இனிப்பு, காபி ஆகியவற்றில் ஒன்று. இத்தனையும் ஒரே விலைக்குள் அடங்கும். பல ஊர்களில் அது 12 முதல் 15 யூரோ வரை இருக்கும். 1960களில் சுற்றுலாத் துறைக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் மனுவேல் ஃபிராகா, வெளிநாட்டுப் பயணிகளுக்காக உணவகங்கள் கட்டாயம் நிலையான விலையில் ஒரு சாப்பாடு வைத்திருக்க வேண்டும் என்று கொண்டுவந்த விதியிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. பயணிகளைவிட உள்ளூர்த் தொழிலாளிக்கே இதனால் பெரும் பயன் விளைந்தது.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. தட்டுகளை எடுத்த பிறகு காபியோடு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் நேரத்தைச் ‘சோப்ரெமேசா’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இது மாலை வரை நீளலாம். விருந்தினராகச் செல்பவர் உணவு முடிந்தவுடன் விடைபெற்றால், ஏதோ மனக்குறை என்று வீட்டார் கவலைப்படுவார்கள். உணவகத்திலும் நீங்களாகக் கேட்கும் வரை பில்லைக் கொண்டுவர மாட்டார்கள். அது அலட்சியமன்று, உங்களைக் கிளப்பக் கூடாது என்ற மரியாதை.

‘பார்’ என்றால் மதுக்கடையா?

நாம் மதுக்கடை என்று எண்ணும் இடத்துக்கும் ஸ்பெயின் தெருமுனையில் உள்ள பாருக்கும் பெரிய தொடர்பில்லை. விடியற்காலையில் காபிக்கும், அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய வாட்டிய ரொட்டிக்கும் ஆட்கள் வருவார்கள். முற்பகலில் செய்தித்தாள் படிக்கும் முதியவர்கள், மாலையில் குழந்தை வண்டியோடு வரும் பெற்றோர், இரவில் கால்பந்து பார்க்கும் இளைஞர்கள் என்று நாள் முழுவதும் கூட்டம் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுச் சாவியைக் கொடுத்து வைப்பதற்கும், வரவேண்டிய பொட்டலத்தை வாங்கி வைப்பதற்கும்கூடப் பார்க்காரரை நம்புவார்கள். மது அருந்துபவர்களும் சிறிய குவளை பீரோடு ஏதேனும் கொறித்துக்கொண்டே குடிப்பார்கள். வெறும் வயிற்றில் குடித்துத் தள்ளாடுவது அங்கே இழிவு.

கொறிக்கத் தரும் சிறுதட்டுகளே ‘தாப்பாஸ்’. கிரனாடாவில் ஒரு பானம் கேட்டால் ஒரு தட்டு இலவசமாக வரும்; இரண்டாவது பானத்துக்கு வேறொரு தட்டு வரும். மாட்ரிட்டில் ஆலிவ் காய்களோ உருளைக்கிழங்கு வறுவலோ வைப்பார்கள். பார்சலோனாவில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டும். வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள சான் செபாஸ்டியானில் அவற்றுக்குப் ‘பின்ச்சோ’ என்று பெயர். ஓர் ஆலிவ் காய், ஒரு நெத்திலி, காடியில் ஊறிய இரண்டு மூன்று பச்சை மிளகாய் ஆகியவற்றை ஒரு குச்சியில் கோத்தால் ‘கில்தா’ ஆகும். 1940களில் அந்நகரத்துப் பார் ஒன்றில் பிறந்த இது, அங்கே வரும் எவரும் முதலில் கேட்கும் பண்டம்.

ஒரே பாரில் அமர்ந்துவிடாமல் ஒவ்வொன்றிலும் சிறிது நேரம் நின்று அடுத்ததற்கு நகர்வதே முறை. ஆளுக்கொரு கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு பாரில் ஒருவர் மொத்தமாகக் கொடுத்தால் அடுத்த பாரில் மற்றவர் கொடுப்பார். அல்லது தொடக்கத்திலேயே எல்லாரும் சம அளவில் ஒரு பொதுப் பணப்பையில் போட்டுவிடுவார்கள்.

பாஸ்க் மக்களிடம் ‘ச்சோக்கோ’ என்ற சமையல் சங்கங்களும் உண்டு. உறுப்பினர்கள் பொதுச் சமையலறையில் தாங்களே சமைத்து நண்பர்களோடு உண்பார்கள். சரக்கறையிலிருந்து எடுத்த மது, எண்ணெய் ஆகியவற்றைத் தாங்களே தாளில் குறித்துப் பணத்தைப் பெட்டியில் போடுவார்கள். கண்காணிக்க ஒருவரும் இருப்பதில்லை. நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்த இவற்றில் பல இப்போது பெண்களுக்கும் கதவைத் திறந்துள்ளன. திறக்காதவையும் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

சைவ உணவினர் என்ன செய்வது?

சற்று எச்சரிக்கை தேவை. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னாலும், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான ஹமோனின் துணுக்குகளைப் பலர் இறைச்சியாகக் கருதுவதில்லை. பருப்புக் குழம்பில் பன்றிக்கறித் துண்டு இருக்கும். சல்மொரேஹோ என்ற கெட்டித் தக்காளிச் சாற்றின் மேல் ஹமோன் தூவியிருப்பார்கள். ஆகவே ‘ஹமோனும் வேண்டாம், மீனும் வேண்டாம்’ என்று தனித்தனியே சொல்வது நல்லது. கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த காய்கறிச் சாறு, எண்ணெயில் வதக்கி உப்புத் தூவிய பத்ரோன் மிளகாய், பிஸ்தோ என்ற காய்கறிக் கூட்டு ஆகியவை கிடைக்கும். முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்குத் தோர்த்தியா என்ற கெட்டி ஆம்லெட் எந்த ஊரிலும் கைகொடுக்கும். அதில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்று அந்நாட்டார் முடிவில்லாமல் வாதிடுவார்கள். சேர்த்ததே சுவை என்பது என் கருத்து.

பாயேயா ஸ்பெயினின் தேசிய உணவுதானே?

வாலென்சியாக்காரரிடம் அப்படிச் சொன்னால் உடனே திருத்துவார். அது கிழக்குக் கரையிலுள்ள வாலென்சியாவின் உணவு. அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள நெல்வயல்களில் வளர்ந்தது. அகன்ற, ஆழமில்லாத இருப்புச் சட்டியில் ஆரஞ்சு மரக் கட்டைகளை எரித்து, கோழியும் முயலும் தட்டைப் பச்சை அவரையும் கரோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சையும் தக்காளியும் குங்குமப்பூவும் சேர்த்துச் செய்வார்கள். அரிசியைப் போட்ட பிறகு கிளறக் கூடாது. நீர் வற்றியதும் தீயைச் சற்றுத் தூண்டி, அடியில் பொன்னிறமாகத் தீய்ந்து ஒட்டும் படலம் உண்டாகும் வரை காது கொடுத்துக் கேட்பார்கள். சடசடவென்ற சிறு ஓசை வந்ததும் இறக்கிவிடுவார்கள். ‘சொகராத்’ எனப்படும் அந்த அடிப்படலத்துக்கே போட்டி அதிகம். சட்டியை நடுவில் வைத்து, ஒவ்வொருவரும் மரக் கரண்டியால் தம் முன்னுள்ள பங்கை மட்டும் எடுத்து உண்பது பழைய முறை. ஞாயிறு மதியத்துக்குரிய இவ்வுணவை இரவில் கேட்பவர் வெளியூர்க்காரர் என்று எவரும் கண்டுகொள்வார்கள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பது ஏன்?

ஒன்று தந்தையின் முதல் குடும்பப் பெயர். மற்றொன்று தாயின் முதல் குடும்பப் பெயர். தந்தை கார்சியா லோபெஸ், தாய் மார்த்தினெஸ் ரூயிஸ் எனில், பிள்ளை கார்சியா மார்த்தினெஸ் ஆவார். திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. எனவே ஒரே வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று மூன்று விதமான பெயர் இணைகள் இருக்கும். ஓவியர் பிக்காசோவின் முழுப்பெயரில் ரூயிஸ் என்பது தந்தை வழி, பிக்காசோ என்பது தாய் வழி. முதல் பெயர் மிகப் பரவலானதாக இருந்தால் இரண்டாவதால் அழைப்பதுண்டு. முன்னாள் பிரதமர் ரொத்ரீகெஸ் சபத்தேரோவை மக்கள் சபத்தேரோ என்றே குறிப்பிடுவது அதனால்தான். தாயின் பெயரை முன்னே வைக்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது; 2017 முதல் எது முதலில் வரவேண்டும் என்பதைப் பெற்றோரே பதிவின்போது தெரிவிக்க வேண்டும்.

பழகும்போது கவனிக்க வேண்டியவை எவை?

அறிமுகமாகும்போது பெண்களுக்கிடையிலும் ஆண் பெண்ணுக்கிடையிலும் இரு கன்னங்களிலும் கன்னம் வைத்து முத்தமிடும் பாவனை உண்டு, ஆண்கள் கைகுலுக்குவார்கள். விருப்பமில்லாதவர் புன்னகையோடு முதலிலேயே கையை நீட்டிவிட்டால் எவரும் தவறாக நினைப்பதில்லை. மின்தூக்கியிலோ மருத்துவரின் காத்திருப்பு அறையிலோ நுழையும்போது, முன்பின் தெரியாதவர்களுக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். உண்பவர்களைக் கடந்து செல்லும்போது ‘நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்ற பொருளில் ஒரு சொல் சொல்வார்கள்.

சந்தையில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. கடைக்கு வந்ததும் ‘கடைசி ஆள் யார்?’ என்று கேட்பார்கள். ‘நான்’ என்பவரை நினைவில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அவருக்கு அடுத்தது உங்கள் முறை. இதை அறியாமல் நேராகக் கடைக்காரரிடம் சென்று கேட்பவர் கண்டனத்துக்கு ஆளாவார்.

கிறிஸ்துமஸ் லாட்டரி ஏன் அவ்வளவு பெரிய நிகழ்வு?

1812இல் காதிஸ் நகரில் முதன்முதலாக நடந்த இந்தக் குலுக்கல், இன்று டிசம்பர் 22 காலை மாட்ரிட்டின் அரச இசையரங்கத்தில் (தெயாத்ரோ ரெயால்) நடக்கிறது. ஒரு பெரிய கூண்டில் 00000 முதல் 99999 வரையிலான மரக் குண்டுமணிகள். சிறிய கூண்டில் பரிசுத் தொகை பொறித்த 1,807 மணிகள். சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் எண்ணையும் மற்றவர் தொகையையும் பல மணி நேரம் ஒரே மெட்டில் பாடிக்கொண்டே இருப்பார்கள். 1984 வரை சிறுவர்கள் மட்டுமே பாடினர்; அவ்வாண்டிலிருந்து சிறுமியரும் பாடுகின்றனர். அன்று காலை எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அந்தப் பாட்டே காதில் விழும்.

ஒரு சீட்டின் பத்தில் ஒரு பங்கான ‘தெசிமோ’ 20 யூரோ. முதற்பரிசான ‘எல் கோர்தோ’ கிடைத்தால் அதற்கு வரிக்கு முன் 4,00,000 யூரோ. ஆனால் பணத்தாசை மட்டுமே இதை நடத்தவில்லை. அலுவலகத்தார், ஒரே பாரில் காபி குடிப்பவர்கள், கால்பந்துக் குழு, பாட்டுக் குழு என ஒவ்வொரு கூட்டமும் ஒரே எண்ணைப் பங்கிட்டு வாங்கும். ‘எல்லாருக்கும் விழுந்து எனக்கு மட்டும் விழாமல் போனால்?’ என்ற அச்சமே பலரை வாங்க வைக்கிறது. 2011இல் உவெஸ்கா மாகாணத்தின் சோதேத்தோ என்ற சிற்றூரில் இல்லத்தரசியர் சங்கம் விற்ற எண்ணுக்கே முதற்பரிசு விழுந்தது. ஏறத்தாழ ஊரில் உள்ள எல்லா வீடுகளுக்கும் பங்கு கிடைத்தது.

புத்தாண்டு இரவில் பன்னிரண்டு திராட்சை உண்பது எதற்காக?

டிசம்பர் 31 நள்ளிரவில் மாட்ரிட்டின் புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்துக் கடிகாரம் அடிக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு திராட்சை வீதம் பன்னிரண்டையும் உண்டு முடித்தால் ஆண்டு நன்றாக அமையும் என்பது நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாட்ரிட்டில் தோன்றிய இவ்வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் நாடெங்கும் பரவியது. 1962 முதல் தொலைக்காட்சி அதை நேரலையாகக் காட்டுகிறது. மணிகள் மூன்று வினாடிக்கு ஒன்றாக ஒலிப்பதால் மொத்தம் 36 வினாடிகளே கிடைக்கும். விதையுள்ள பழமானால் திண்டாட்டம்தான். தோலையும் விதையையும் முன்கூட்டியே நீக்கி வைக்கும் பாட்டிமார் உண்டு. பன்னிரண்டுக்கு முன்பு கால்மணி ஒலிகள் நான்கு கேட்கும். அவற்றை உண்மையான மணி என்று எண்ணி உண்ணத் தொடங்கிவிடாதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பாளர் நினைவூட்டுவார்.

இத்திராட்சைகளில் பெரும்பகுதி அலிகாந்தே மாகாணத்து வினலோப்போ பள்ளத்தாக்கில் விளைகிறது. அங்கே கோடையின் நடுவில் ஒவ்வொரு குலையையும் கொடியிலேயே காகிதப் பையால் மூடிக் கட்டுவார்கள். பூச்சி, மழை, வெயில் ஆகியவற்றிலிருந்து காக்கும் அந்தப் பை பழுப்பதையும் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் டிசம்பரில் மெல்லிய தோலுள்ள புதுப்பழம் கிடைக்கிறது.

பிள்ளைகளுக்குப் பரிசு தருபவர் கிறிஸ்துமஸ் தாத்தாவா?

மரபுப்படி, குழந்தை இயேசுவைக் காண வந்தவர்களாகச் சொல்லப்படும், ஜனவரி 6இல் வரும் மூன்று கீழ்த்திசை அரசர்களே பரிசு தருபவர்கள். 5ஆம் தேதி மாலை ஒவ்வோர் ஊரிலும் அவர்களுடைய ஊர்வலம் நடக்கும். மிட்டாய்களை வாரி இறைப்பார்கள். மறுநாள் காலை வளைய வடிவ ரொஸ்கோன் ரொட்டியை வெட்டுவார்கள். உள்ளே ஒளித்து வைத்த சிறு பொம்மை யாருடைய துண்டில் இருக்கிறதோ அவர் முடி சூடுவார். உலர்ந்த மொச்சை கிடைத்தவர் ரொஸ்கோனுக்குக் காசு கொடுக்க வேண்டும். குறும்புக்காரப் பிள்ளைக்கு நிலக்கரி போன்ற கறுப்புச் சர்க்கரைக் கட்டி வரும்.

டிசம்பர் 28 ஏமாற்று நாள். செய்தித்தாள்களும் பொய்ச் செய்தி ஒன்றை வெளியிடுவதுண்டு. பால்பல் விழுந்தால் தலையணைக்கடியில் காசு வைத்துச் செல்வது பெரெஸ் என்ற சுண்டெலி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிறுவன் அரசர் 13ஆம் அல்போன்சோவுக்காக லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் எழுதிய கதை அந்தச் சுண்டெலிக்குப் புகழ் தேடித் தந்தது. தீய நாள் என்று அஞ்சப்படுவது 13ஆம் தேதி வரும் செவ்வாய்க்கிழமை.

புனித வாரத்தில் கூம்புத் தொப்பியும் முகமூடியும் அணிந்து செல்பவர்கள் யார்?

அவர்கள், ஈஸ்டருக்கு முந்தைய வாரமான புனித வாரத்தில் ஊர்வலம் செல்லும் கத்தோலிக்கச் சகோதரச் சபைகளின் உறுப்பினர்கள். தவம் செய்பவர் யாரென்று பிறருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே முகத்தை மறைக்கிறார்கள். அமெரிக்க நிறவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் உடையோடு தோற்ற ஒற்றுமை இருப்பினும் இவ்வழக்கம் அதற்கு நூற்றாண்டுகள் முந்தியது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

தெற்கிலுள்ள செவியா நகரில் ஏறத்தாழ 60 சபைகள் தத்தம் கோவிலிலிருந்து பேராலயத்துக்குச் சென்று திரும்புகின்றன. சிலைகளைத் தாங்கிய ‘பாசோ’ என்ற மேடை ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ளது. திரைத்துணிக்குள் மறைந்து, தலையிலிருந்து பிடரி வரை சுருட்டிய சாக்குத் துணியைச் சுமையடையாக வைத்து, குறுக்குக் கட்டைகளைக் கழுத்தடியில் தாங்கி நடப்பவர்கள் கொஸ்தலேரோக்கள். அவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. முன்னே செல்லும் தலைவர் உலோகத் தட்டியைத் தட்டிக் குரல் கொடுத்ததும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழும்ப, மேடை துள்ளி உயரும். முன்பு துறைமுகச் சுமைத்தொழிலாளர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். 1973இல் மாணவர் சபையொன்றில் உறுப்பினர்களே சுமக்கத் தொடங்கினர், பிறகு எல்லாச் சபைகளிலும் அதுவே வழக்கமாயிற்று. இன்று அந்த இடத்துக்கு இளைஞர்கள் காத்துக் கிடக்கிறார்கள். வானம் கறுத்து ஊர்வலம் நின்றுபோனால், பெரிய ஆண்கள் கோவிலுக்குள் கண்ணீர் விட்டு அழுவதைக் காணலாம். வடக்கே சமோராவிலும் வயதோலிதிலும் இதே வாரம் பெரும் அமைதியோடு நடக்கும்.

வாலென்சியாவில் அரும்பாடுபட்டுச் செய்த சிலைகளை ஏன் எரிக்கிறார்கள்?

எரிப்பதற்காகவே அவற்றைச் செய்கிறார்கள். தச்சர்களின் காவலரான புனித யோசேப்பின் திருநாளான மார்ச் 19 இரவு ‘ஃபாயாஸ்’ விழா முடிவடையும். நகரில் மட்டும் ஏறக்குறைய 400 தெருக்குழுக்கள் உள்ளன. ஒவ்வொரு குழுவும் மாதச் சந்தா, லாட்டரிப் பங்கு, இரவு விருந்து என ஆண்டு முழுவதும் பணம் திரட்டி, சிற்பக் கலைஞரிடம் சிலைத் தொகுதியை ஒப்படைக்கும். அரசியல்வாதிகளையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் கேலி செய்யும் அவ்வுருவங்கள் மாடி வீடுகளின் உயரத்துக்கு நிற்கும். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உருவம் 1934 முதல் தீயிலிருந்து காக்கப்படுகிறது, மற்றவை சாம்பலாகும். தீயணைப்பு வீரர்கள் சுற்றியுள்ள கட்டடங்களை நனைத்தபடி நிற்க, அந்த ஆண்டு விழாவின் அரசியாக இருந்த பெண் அழுதுகொண்டே தீ வைப்பார். மறுநாள் காலை தெரு கூட்டப்பட்டிருக்கும். குழுவின் கூடத்தில் அடுத்த ஆண்டுக்கான பேச்சு தொடங்கும்.

மார்ச் 1 முதல் தினமும் பிற்பகல் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடிக்கும் ‘மஸ்க்லெத்தா’ என்ற வெடித்தொடர் ஒளிக்காக அன்று, ஓசைக்காகவே நடத்தப்படுவது. தாளம்போல் தொடங்கி, கடைசி நிமிடத்தில் தரை அதிரும். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்ளுமாறு பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

செவியாவின் ஏப்ரல் விழாவில் எவரும் கலந்துகொள்ளலாமா?

திடலுக்குள் எவரும் செல்லலாம். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணிக்கூடாரங்களில் பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் சங்கங்களுக்கும் உரியவை. அழைப்பின்றி உள்ளே போக முடியாது. 1847இல் கால்நடைச் சந்தையாகத் தொடங்கிய விழா இது. தென்னாட்டு விழாவாகவே அறியப்படும் இதற்கு வித்திட்ட சந்தையை முன்மொழிந்த இரு நகரமன்ற உறுப்பினர்களில் ஒருவர் வடக்கின் பாஸ்க்கியர், மற்றவர் வடகிழக்கின் காத்தலோனியர் என்பது குறிப்பிடத்தக்கது. நண்பர் எவரும் இல்லாதவர்கள் நகராட்சியும் வட்டார மன்றங்களும் நடத்தும் பொதுக் கூடாரங்களுக்குச் செல்லலாம். ஆட்டமும் பாட்டும் அங்கேயும் குறைவில்லை.

காத்தலோனியாவின் மனிதக் கோபுரம் எப்படி நிற்கிறது?

கீழே நூற்றுக்கணக்கானோர் நெஞ்சோடு முதுகாக நெருக்கி நின்று அமைக்கும் அடித்தளமே அதன் வலிமை. மேலிருந்து விழுபவரைத் தாங்குவதும் அதுவே. பல மீட்டர் நீளமுள்ள கறுப்புத் துணியை இடுப்பில் இறுகச் சுற்றுவார்கள். அது முதுகெலும்பைக் காக்கும், ஏறுபவரின் பாதத்துக்குப் படியாகவும் ஆகும். அடித்தளத்தில் நிற்பவர்களால் மேலே பார்க்க முடியாது. கிராயா என்ற குழலின் இசை மாறுவதைக் கொண்டே கோபுரம் எந்நிலையை எட்டியது என்று அறிவார்கள். உச்சியில் ஏறும் சிறுமியோ சிறுவனோ கையை உயர்த்தினால் கோபுரம் முடிந்தது. சேதமின்றி இறங்கினால்தான் முழு வெற்றி. வாய்ஸ் நகரில் தோன்றிய இக்கலை, 1980களில் பெண்கள் சேர்ந்த பிறகு புதிய உயரங்களை எட்டியது. 1998இல் பத்து நிலைக் கோபுரம் எழுந்தது. யுனெஸ்கோ 2010இல் இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. மருத்துவரும் கொத்தனாரும் புலம்பெயர்ந்து வந்தவரும் ஒருவர் தோளில் ஒருவர் நிற்கும் இக்காட்சியைப் போல வேறெதுவும் என்னை நெகிழச் செய்ததில்லை.

அதே நிலத்தில் ஏப்ரல் 23 புத்தகமும் ரோஜாவும் பரிமாறிக்கொள்ளும் நாள். பார்சலோனாவின் தெருக்கள் முழுவதும் புத்தகக் கடைகளாகிவிடும். யுனெஸ்கோ 1995இல் அறிவித்த உலகப் புத்தக நாளுக்கும் அதுவே தேதி.

காளைச் சண்டையை எல்லாரும் விரும்புகிறார்களா?

இல்லை, நாட்டைப் பிளக்கும் விவாதங்களில் அதுவும் ஒன்று. கேனரித் தீவுகளில் 1991ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது இல்லை. காத்தலோனிய நாடாளுமன்றம் 2010இல் தடை விதித்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2016இல் அத்தடையை நீக்கிய பிறகும் பார்சலோனாவில் அது திரும்பவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பண்பாட்டு மரபு என்று அறிவித்தது. 2024இல் பண்பாட்டு அமைச்சகம் அதற்கான தேசிய விருதைக் கைவிட்டது. பலர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட அரங்குக்குள் சென்றதில்லை. காளையைக் கொல்லும் அந்தக் காட்சி இனித் தொடர வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடு. ஆயினும் அதை நேசிப்பவர்களை வெறும் கொடியவர்கள் என்று ஒதுக்குவதும் சரியன்று.

பாம்ப்லோனாவின் காளை ஓட்டம் வேறு. ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்கு ஆறு காளைகள் ஏறத்தாழ 850 மீட்டர் தெருக்களில் ஓடும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஓடுபவர்கள் அதற்கு முன் சுவரில் உள்ள, விழாவின் நாயகரான புனித ஃபெர்மின் உருவத்தின் முன் சுருட்டிய செய்தித்தாளை உயர்த்திப் பிடித்து மூன்று முறை பாடுவார்கள். 2009இல் ஒருவர் உயிரிழந்தார். காயங்கள் ஆண்டுதோறும் உண்டு. முன் அனுபவமில்லாதவர்கள் மாடியிலிருந்து பார்ப்பதே அறிவுடைமை. ஓடிய அதே காளைகள் அன்று மாலை அரங்கில் கொல்லப்படுகின்றன என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஃபிளமெங்கோவுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

பாட்டும் ஆட்டமும் கிதாரும் சேர்ந்த கலையான ஃபிளமெங்கோவை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த கித்தானோ மக்களின் (ஸ்பெயினின் ரோமா இனத்தார்) முன்னோர் வட இந்தியப் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை அவ்வினத்தாரின் ரோமானி மொழி காட்டுகிறது. ஸ்பெயினில் அவர்களைப் பற்றிய முதல் ஆவணம் 1425ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆயினும் இக்கலை தென் ஸ்பெயினின் அந்தலூசிய மண்ணில், பல மரபுகள் கலந்து, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருவானது. நேரே இந்தியாவிலிருந்து சென்றது என்பது மிகைக்கூற்று. புலேரியா போன்ற வடிவங்கள் பன்னிரண்டு அடிகள் கொண்ட தாளச் சுற்றில் அமைந்தவை. பாட்டே முதன்மை, ஆட்டமும் கிதாரும் அதன் வழி நடப்பவை. பெட்டி வடிவக் கஹோன் தாளக்கருவியை 1970களில் பெருவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவர் கிதார் மேதை பாக்கோ தெ லூசியா. சுற்றுலாப் பயணிகளுக்கான இரவுக் காட்சிகளைவிட, ஹெரெஸ், காதிஸ் நகரங்களில் உறுப்பினர் சந்தாவில் நடக்கும் ஃபிளமெங்கோச் சங்கங்களில் கேட்பதே சிறந்தது. தாளத்தைச் சரியாகத் தட்டத் தெரியாதவர் கைதட்டாமல் இருப்பது மரியாதை.

தக்காளி எறியும் விழா நாடு முழுவதும் நடக்கிறதா?

இல்லை. வாலென்சியாவுக்கு அருகிலுள்ள புன்யோல் என்ற சிறிய ஊரில், ஆகஸ்டின் கடைசிப் புதன்கிழமை, ஒரே ஒரு மணி நேரம் நடக்கிறது. 1945இல் இளைஞர்களின் தள்ளுமுள்ளில் தொடங்கியது. 2011இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்றினால் இந்தியர்களிடையே பெயர் பெற்றது. 2013 முதல் கட்டணச் சீட்டு வேண்டும். எறியும் முன் தக்காளியைக் கையால் நசுக்கிவிட வேண்டும் என்பது விதி.

கால்பந்து அவர்களுக்கு என்ன?

ஊர்ப்பற்றின் வடிவம். 1990ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் தொழில்முறைக் கழகங்களைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னபோது, ரியல் மாட்ரிட், பார்சலோனா, அத்லெதிக் பில்பாவோ, ஒசசூனா ஆகிய நான்கும் விலக்குப் பெற்றன. இன்றும் அவை உறுப்பினர்களுக்கே சொந்தம், தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. பாஸ்க் நாட்டில் பிறந்த அல்லது அங்கே பயிற்சி பெற்று வளர்ந்த வீரர்களை மட்டுமே சேர்க்கும் பில்பாவோ, அந்தக் கட்டுப்பாட்டோடு ஒருமுறைகூட முதல் பிரிவிலிருந்து இறங்கியதில்லை. ஆண்கள் அணி 2010இலும் பெண்கள் அணி 2023இலும் உலகக் கோப்பையை வென்றன. இப்போது பெண்கள் ஆட்டத்துக்கும் அரங்குகள் நிரம்புகின்றன.

ஆகஸ்டில் மாட்ரிட் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது?

1950களிலும் 60களிலும் பல இலட்சம் பேர் கிராமங்களை விட்டு மாட்ரிட், பார்சலோனா, பில்பாவோ ஆகிய தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ‘என் ஊர்’ என்று சொல்வது அந்தக் கிராமத்தையே. குளிர்காலத்தில் ஐம்பது பேர் மட்டும் வாழும் ஊரில் ஆகஸ்டில் பல நூறு பேர் கூடுவார்கள். ஊர்க் காவல் புனிதரின் விழா பெரும்பாலும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வரும். ஒவ்வொரு நகராட்சியும் ஆண்டுக்கு இரண்டு உள்ளூர் விடுமுறைகளைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

ஒவ்வொரு வயதுக் குழுவும் ஒரே நிறச் சட்டை தைத்துக்கொண்டு, ஒரு பழைய தொழுவத்தையோ கிடங்கையோ வாடகைக்கு எடுத்துத் தங்கள் கூடமாக வைத்துக்கொள்ளும். சதுக்கத்தில் நீண்ட மேசைகளில் ஊர் முழுவதும் சேர்ந்து உண்ணும். தட்டையும் நாற்காலியையும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு லாரி மேடையில் இசைக்குழு வாசிக்க, பாட்டியும் பேரனும் ஒன்றாக ஆடுவார்கள். உங்கள் ஸ்பானிய நண்பர் ஊருக்கு அழைத்தால், எந்தப் பெருநகர விழாவையும் விட்டுவிட்டு அங்கே செல்லுங்கள். போகும்போது இனிப்புப் பெட்டி ஒன்றும், இரவுக் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டையும், விடியும் வரை விழித்திருக்கும் மனமும் வேண்டும். அந்த மாதம் மாட்ரிட்டில் தங்க நேர்பவர்கள் தங்கள் தெருவின் ரொட்டிக் கடையும் பாரும் எந்த நாள் வரை அடைத்திருக்கும் என்பதைக் கதவில் ஒட்டிய சீட்டில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.